ஒரு நாளைக்கு மூன்று முறை

மூன்றாவது முட்டையைச் சமையலறைத் தொட்டியின் விளிம்பில் தட்டி உடைத்தேன். அதிலும் குஞ்சு இறகு முளைத்துச் செத்துக் கிடந்தது.

இருபத்தொரு நாளில் பொரிந்திருக்க வேண்டும். இன்று இருபத்து நான்கு.

குஞ்சு பொரிக்கும் பெட்டியை நான்தான் செய்தேன். தெர்மோகோல் பெட்டி, நாற்பது வாட் பல்பு, சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டதும் பல்பை அணைக்கும் தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். பன்னிரண்டு முட்டை வைத்தோம். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்பதில் சிவப்பு நரம்புகள் ஓடின. ஒன்பதுக்கும் மகள் பெயர் வைத்துவிட்டாள்.

அதற்குள் எனக்கும் மனைவிக்கும் பேச்சு நின்றிருந்தது. மூன்றாம் நாள் அவள் தம்பியைப் பற்றி நான் விட்ட ஒரு வார்த்தை.

"சாப்பாடு வேணுமான்னு உங்கப்பாகிட்ட கேளு" என்பாள் மகளிடம். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

குஞ்சு பொரிக்கிற அன்றைக்கு ரெண்டு பேரும் பேசிவிட வேண்டும் என்று மகள் எங்களிடம் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பெட்டி எல்லாம் செய்யும், ஒன்றைத் தவிர. தாய்க்கோழி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்ப வேண்டும். இரண்டோ நான்கோ ஆகாது. ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரவெல்லாம் அடியில் கிடக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும்.

நான்காவதை உடைத்தேன். வட்டம் போட்ட பக்கத்தில் குஞ்சு பசை வைத்ததுபோல ஒட்டியிருந்தது. ஐந்தாவதும் அப்படியே.

"திருப்பாததால ஒட்டிக்கிச்சாப்பா?" என்றாள் மகள். "ஆனா திருப்பினீங்களே. நீங்க திருப்பிட்டுக் குளிக்கப் போவீங்க, உடனே அம்மா வந்து இன்னொரு தடவை திருப்புவாங்க. மத்தியானம், சாயங்காலம்கூட அப்படித்தான். என் கோழிக்கு டபுள் கவனிப்புன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

பின்னால் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

திருப்பியதைத் திருப்பினால் பழைய பக்கம். ஆறு முறை புரண்டும் முட்டைகள் நாள் முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்திருக்கின்றன.

மகள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஒரு நாள் நீ தூங்கினப்புறம் கரண்ட் போச்சு பாப்பா, அதான். சூடு பத்தலை."

"ஏங்க, அன்னிக்கு மூணு மணி நேரம் இருக்குமா?" என்றாள் மனைவி. இருபத்தொரு நாளில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நாலு இருக்கும்."

நாங்கள் பேசியதை மகள் கவனிக்கவே இல்லை. கரண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டே, உடைத்தவற்றையும் உடைக்காதவற்றையும் செருப்புப் பெட்டியில் அள்ளி, புதைக்க எடுத்துப் போனாள்.

இந்த இருபத்து நான்கு நாளில் கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.

ஆறாம் நாளே எனக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்து பெட்டிக்குள் பார்த்தேன். நான் மேலே வைத்துவிட்டுப் போன பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டும் வட்டம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆனால் நான்தான் முதலில் பேசினேன் என்றாகிவிடும். பேசாமல் நான் நிறுத்தியிருந்தாலும் போதும். அவள் நிறுத்தட்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் நான் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கதவோரம் நின்று, கடைசி முட்டைவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் பெட்டியைத் திறந்தாள்.