இரண்டு தலை ஒயர்

ஒயருக்கு இரண்டு தலை இருந்தது. ரவிசங்கர் ஒன்றை மட்டும் லேப்டாப்பில் சொருகினார். இன்னொன்றை யாருக்கும் தெரியாமல் முறுக்குத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

டிவிடி டிரைவ் 'கிர்க், கிர்க்' என்று இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது.

"டிஸ்க் போச்சு. இந்தத் தீவு உப்புக் காத்துல எதுதான் தாங்கும்?" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்.

"அரே, இன்னொரு தடவ போட்டுப் பாருங்க. ஜல்தி. தம்பிங்க ஃபெர்ரி ஏறியாச்சு" என்றாள் ஷோபா.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். புருஷன் முகத்தைப் பார்த்தே அவர் பொய்யின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அவள் சொல்லிவிடுவாள்.

இன்று கல்யாண நாள். ஹேடோவிலிருந்து அவளுடைய தம்பிமார் மூவரும் குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட் வருகிறார்கள். கேக் ஒரு சாக்கு. தீர்ப்புக் கேட்கத்தான் வருகிறார்கள்.

வழக்கு இதுதான். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாகச் சாத்தமிலிருந்து ஃபெர்ரியில் வந்து பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில் இறங்கும்போது மாப்பிள்ளை கடலுக்குள் போனார். கூடவே ஷோபாவின் அம்மா சீராகக் கொடுத்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பும் போனது. மாப்பிள்ளை திரும்பி வந்தார். செம்பு வரவில்லை.

படகு ஆடியதில் செம்பு விழுந்தது, அதை எடுக்கக் குதித்தேன் என்பது ரவிசங்கர் கட்சி.

கால் வழுக்கி விழுந்ததும் இல்லாமல் செம்பையும் தட்டிவிட்டார் என்பது ஷோபா கட்சி. குதிக்கிற மனுஷன் 'அம்மா' என்று கத்திக்கொண்டா குதிப்பான்? 

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மச்சான்மார் அவருக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் செம்பு கொண்டுவருவார்கள். வீட்டில் இப்போது பதினேழு செம்பு இருக்கிறது.

ரவிசங்கர் ஹேடோ துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிறவர். ஜெட்டியில் கால் வழுக்கினார் என்று நிரூபணமாகிவிட்டால் அப்புறம் அங்கே தலைகாட்ட முடியாது. பெரிய மச்சானுக்கும் அங்கேதான் வேலை.

கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் ஜெட்டி கிடையாது. பனிமலை வரும். பக்கத்தில் இரண்டு அன்னம். ஒரு இதயத்துக்குள் அவரும் ஷோபாவும் சுற்றிக்கொண்டே வானத்துக்குப் போவார்கள். வீடியோக்காரர் பாலகுமாருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது ரவிசங்கர்தான். கூடவே ஒரு முழு சுர்மை மீனும் கொடுத்தார்.

போன மாதம் பாலகுமார் ஸ்டுடியோவை மூடினார். காட்சி எதையும் வெட்டாத பழைய டிஸ்க்குகளை அவரவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ரவிசங்கர் டியூட்டியில் இருந்தபோது வந்து ஷோபா கையிலேயே கொடுத்து, சுர்மை மீன் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், நாசமாய்ப் போக.

வீட்டு டிவிடி பிளேயர் எப்போதோ துருப்பிடித்துப் போயாயிற்று. மகள் கவிப்ரியாவின் லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற இடமே இல்லை. அந்த தைரியத்தில் ரவிசங்கர் மூன்று வாரம் நன்றாகத் தூங்கினார். ஆனால் ஷோபாவின் சித்தப்பா மெயின்லேண்டில் இந்த டிரைவை வாங்கிக் கப்பலில் கொடுத்தனுப்பிவிட்டார். இத்தனை நாள் கடலில் ஆடி வந்த பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

"அப்பா, ரெண்டு தலையும் சொருகணும். ஒண்ணுல கரண்ட் பத்தாது." கவிப்ரியா முறுக்குத் தட்டைத் தூக்கினாள்.

"அப்படியா?" என்றார்.

அவள் மவுஸைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் இரண்டாவது தலையைச் சொருகினாள். டிரைவைத் திறந்து பார்த்தாள். டிஸ்க் தலைகீழாக இருந்தது. திருப்பிப் போட்டாள்.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. ரவிசங்கர் முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா வந்தாச்சு!" தெருவில் பேச்சுச் சத்தம் வந்ததும் கவிப்ரியா கத்திக்கொண்டே வாசல் கேட்டுக்கு ஓடினாள்.

ஷோபா காத்திருக்கவில்லை. வீடியோவில் தாலி, சாப்பாட்டுப் பந்தி எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு நேராக ஜெட்டிக் காட்சிக்குப் போனாள்.

திரையில் ஃபெர்ரி வந்து நின்றது. படகு ஆடவே இல்லை. பன்னீர்ச் செம்போடு நின்றிருந்த புதுப்பெண், பின்னால் குத்துவிளக்கைக் கோணலாகத் தூக்கிவந்த தம்பியைத் திட்டுவதற்காகச் சடாரென்று திரும்பினாள். அவள் முழங்கை மாப்பிள்ளையின் விலாவில் இறங்கியது. மாப்பிள்ளை "அம்மா" என்று கத்திக்கொண்டே போனார். அவள் கையிலிருந்து நழுவிய செம்பு அவர் பின்னாலேயே போனது.

புதுப்பெண் இது எதையும் கவனிக்காமல் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஷோபா பின்னால் இழுத்து இன்னொரு தடவை பார்த்தாள். மறுபடியும் அதே முழங்கை.

மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கொடுத்து இதையா வெட்டச் சொன்னார்? பதினேழு செம்பையும் வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாரே.  அவளுக்குச் சிரிப்பு வந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷோபா இரண்டாவது தலையைப் பிடுங்கி முறுக்குத் தட்டுக்கு அடியில் தள்ளினாள்.

டிரைவ் 'கிர்க்' என்று முனகி அடங்கியது.

"அக்கா, பிக்சர் சாலூ ஆச்சா?" என்று கேட்டபடி பெரிய தம்பி நல்லதம்பி உள்ளே வந்தான். கையில் பதினெட்டாவது செம்பு.

"டிஸ்க் போச்சுடா. உப்புக் காத்து" என்றாள் ஷோபா. "ஆனா எனக்கு இப்பதான் நல்லா ஞாபகம் வருது. உங்க அத்தான் குதிக்கத்தான் செஞ்சாரு. தண்ணியில முதலை வேற கிடந்துச்சு."

முதலை விஷயம் ரவிசங்கருக்கே இப்போதுதான் தெரியும்.