ஸ்கேல்தான் கோணல்

ஒரு லாரிக்குப் புது மேனிஃபோல்டு பாதி விலையில் வந்தது. எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற குழாய்தான்; அந்தப் புகை வேகத்தில் சுழன்றுதான் டர்போ எஞ்சினுக்குக் காற்று ஊதும். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அத்தனை பளபளப்பு.

இரும்பு ஸ்கேல், டர்போவோடு ஒட்டவேண்டிய அதன் முகத்தில் படுத்துப் பார்த்தது. அடியில் ஓர் எறும்பு குடும்பத்தோடு நடந்துபோனது.

"முகம் கோணல்," என்றது ஸ்கேல்.

"நீதான் கோணல்," என்றது மேனிஃபோல்டு.

வேறு ஸ்கேல் வந்தது. "அதுவும் கோணல்," என்றது மேனிஃபோல்டு.

"அண்ணே, இவ்வளவு இடைவெளியையும் நான் ஒருத்தனே அடைக்கணுமா?" என்று டர்போவிடம் அழுதது மெல்லிய கேஸ்கெட்.

"புகை கசிஞ்சா எனக்கு மூச்சே கிடையாதுடா. மலை எப்படி ஏறுறது?" என்றது டர்போ.

பளபளப்பில் மயங்கிய மெக்கானிக் அதையே மாட்டினார். முதல் மலை வளைவிலேயே புகை பக்கவாட்டில் சீறியது, லாரி நின்றுவிட்டது.

"இப்ப என்னடா சொல்றே?" என்று இரைந்தது டர்போ.

மேனிஃபோல்டு நிமிர்ந்து பார்த்தது.

"மலையைப் பாரு, எவ்வளவு கோணல்!"