அம்புகள் காட்டிய பக்கம்

அணுக்கருக்கள் மோதும்போது துகள்கள் கூட்டமாய்ப் பாயும் திசை, மோதலுக்கு மோதல் மாறும். மோதலுக்கு ஓர் அம்பாக அதைக் குறிப்பது மதிவதனியின் வேலை. அன்று ஆவடி வீட்டில், திரையிலிருந்த அம்புகள் அத்தனையும் சமையலறையைக் காட்டின. அங்கே குழந்தை காவ்யா பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அதுக்கும் பசி போலக் கீது. லேப்டாப்பத் திருப்பி வெச்சிப் பாரு,” என்று கணவன் ஜெகன் சிரித்தான்.

திருப்பினாள். அம்புகள் மறுபடி சமையலறைக்கே திரும்பின. ஜெகன் குழந்தையைக் கூடத்துக்குத் தூக்கி வந்தான். திரையில் அம்புகளும் குழந்தை போன பக்கமே திரும்பின.

“இது ரெண்டு வருசம் முன்னாடி எடுத்த அளவுங்க. அப்ப பாப்பா பொறக்கவேயில்ல.”

ஜெகனின் சிரிப்பு நின்றது. மதிவதனி குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்தபடி திரையைப் பார்த்தாள். அம்புகளைக் காணோம். வெறும் புள்ளிகள்.

“அப்பாடா, போய்ட்சி,” என்றான் ஜெகன்.

“போவலீங்க. நேரா நம்மளப் பாத்து வர்ற அம்புக்கு நுனி மட்டுந்தான் தெரியும்.”

புள்ளிகள் பெரிதாகிக்கொண்டிருந்தன.