எருமப்பட்டியில் கடல் சிலந்தி

தம்பியின் போர்வெல்லில் தண்ணீர் பீய்ச்சியடித்ததிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் அவரும் ரிக் வண்டி வைத்துப் போட்டார். ஆயிரம் அடிக்கும் வெறும் புழுதி. கடைசியில் ஈரமாக ஒரு பூச்சி வந்து விழுந்தது. உடம்பென்று ஒன்றுமில்லை, எல்லாம் கால்தான். காலில் முட்டைக் கொத்து.

"கடல் சிலந்திங்கப்பா," என்றாள் விலங்கியல் படிக்கும் மகள். "இதுல ஆம்பளைதான் முட்டையைச் சுமக்கும்."

"உங்க சித்தப்பன் தண்ணியில போயிச் சுமக்கட்டும்."

தம்பியின் போர்க்குழாய்க்குள் அதைப் போட்டார். விரலில் ஒட்டிய முட்டைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் தம்பி வந்தான். "தண்ணி கடலாட்டம் கரிக்குதுங்ணா. வெள்ளாமை போச்சு."

சென்னியப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. கால் அரிக்கவே வேட்டியை விலக்கினார். கெண்டைக்காலைச் சுற்றிக் கொத்துக்கொத்தாய் முட்டைகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ நெளிந்தது.

வேட்டியை மெல்ல இறக்கிவிட்டு, "உக்காரு சாமி, காப்பி குடி," என்றார்.