ஒரே கட்டத்துக்கு நாற்பத்தொரு நிமிடம்

எர்காஷ் அகாவின் ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்த ஒரு கட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று அவர் அரைமணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

எதிரே பத்து வயது ஃபெரூசா. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. எர்காஷ் அகாவோ ஏழு முறை பிராந்திய சாம்பியன், நீர்ப்பாசன அலுவலகத்தில் பெரிய பொறியாளர். எங்கள் ஊர் மர்கிலானில் சதுரங்கக் காய் தொட்ட எல்லோரும் அவரை 'அகா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; கண்டால் எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு எனக்கு உட்கார்ந்தே இருக்கலாம் என்று தோன்றியது. நான்தான் நடுவர்.

ஆட்டம் கையை விட்டுப் போனால் கடைசிவரை இழுக்காமல் கைகொடுத்துவிட்டு எழுந்திருப்பதுதான் எங்கள் ஆட்களிடம் மரியாதை. ஃபெரூசாவுக்குப் பிரச்சினையே அந்த மரியாதைதான்.

அவள் அப்பா துர்சுன்பாய் மினிபஸ் ஓட்டுகிறவர். சதுரங்கம் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ராஜாவைப் பிடித்தால் ஜெயம். காலையில் டீ வரிசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு போட்டி பாத்துட்டேன். ஒரு தடவையாவது இவ ராஜாவைப் பிடிச்சாளா? பாதியிலயே கை குடுத்துட்டு எந்திரிச்சுப் போறாங்க. சின்னப் பொண்ணு அழுவாளேன்னு விட்டுக் குடுக்கறாங்க. அந்தப் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம். இதுதான் கடைசி. திங்கக்கிழமையிலேர்ந்து சாயங்காலம் அத்தை வீட்டுல பட்டுத்தறி பழகட்டும்."

அவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"வண்டி பாதி வழியில நின்னா தள்ளித்தான் பாப்போம். சாவியைக் குடுத்துட்டு எவனாவது வீட்டுக்குப் போவானா?" என்று கேட்டார். டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டத்தின் பத்தொன்பதாவது நகர்த்தலில் ஃபெரூசா தன் ராணியைத் தூக்கி அகாவின் ராஜா பக்கத்தில் வைத்தாள். வெட்டிக்கொள் என்று நீட்டியது போல. அகா வெட்டினார். கூட்டத்தில் 'ச்சு ச்சு' சத்தம். ராணி போனது துர்சுன்பாய்க்குக்கூடப் புரிந்துவிட்டது.

"முடிஞ்சது. ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை அடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று என் காதில் சொல்வதாக நினைத்து, ஆட்ட மேஜை வரை கேட்கும்படி சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அந்தப் பெண் குதிரையால் ஒரு செக் வைத்தாள். அப்புறம் மந்திரியால். அப்புறம் யானையையும் கொடுத்து ஒரு செக். கோட்டைக்குள் சொகுசாக இருந்த ராஜா ஒவ்வொரு கட்டமாக நடந்து, பலகையைக் கடந்து, அவள் சிப்பாய்களின் காலடிக்கே வந்து சேர்ந்தார். முப்பது வருஷ நடுவர் வேலையில் இப்படி ஒரு தாக்குதலைப் பார்த்ததில்லை.

மிச்சம் ஒரு கட்டம். அங்கே போனால் சிப்பாயால் மேட். குழந்தைக்கும் தெரியும். குழந்தைக்குத்தான் முதலில் தெரிந்தது.

கை கொடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

பத்து நிமிடம். கண்ணாடியைத் துடைத்தார். இருபது நிமிடம். எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். தப்பிக்க வழி பார்க்கிறார் போல என்று பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். அந்தப் பெண்ணோ மத்தியானம் எதுவும் சாப்பிடவில்லை. களைத்துப்போய்த் தப்பு செய்யட்டும் என்று கிடக்கிறார் மகானுபாவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கடிகாரத்தில் ஓடுவது அவருடைய நேரம், நடுவர் வாய் திறக்கக் கூடாது. ஏழு கோப்பை வாங்கினவருக்கு ஏழு பைசா வெட்கம் இல்லையே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

முப்பத்தொன்பது. நாற்பது. கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. நேரம் தீர்ந்தே தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு துர்சுன்பாய் வந்தார். ஆட்டம் இன்னும் நடப்பதைப் பார்த்துக் குழம்பி, மகளின் பின்னால் போய் நின்றார்.

அகா ராஜாவை எடுத்து அந்த ஒரே கட்டத்தில் வைத்தார். ஃபெரூசா சிப்பாயைத் தள்ளினாள்.

"மேட்" என்றாள்.

துர்சுன்பாய் குனிந்து பலகையைப் பார்த்தார். "நிஜமாவே இதுக்குப் போக இடமில்லையா?"

"நீங்களே தேடிப் பாருங்க" என்றார் அகா எரிச்சலாக.

துர்சுன்பாய் ராஜாவைச் சுற்றி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்தார். ஒவ்வொன்றையும் எந்தக் காய் மறிக்கிறது என்று மகள் காட்டினாள். கடைசிக் கட்டத்தில் விரல் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை அவள் தலையில் வைத்து, "அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கையெழுத்துக்கு ஆட்டத்தாளை நீட்டும்போது கேட்டேவிட்டேன்.

"ஒரே ஒரு கட்டத்துக்கு நாற்பத்தொரு நிமிஷமா, அகா? அதுல யோசிக்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று கையெழுத்துப் போட்டார். "காலையில டீ வரிசையில உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன். ஸ்டேஷனுக்கு ஒரு நடை போயிட்டு வர அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும்ல?"