எல்லாமே வேணும் என்கிறவள்

ஆய்வகத்தின் மேற்கு ஜன்னல் வழியாகச் சரியும் வெயில், மேசை மேலிருக்கும் கண்ணாடிக் குடுவைகளில் தேன் நிறத்தில் தங்கியிருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே ஒரே மைக்ராஸ்கோப்பைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு தோழிகள் கம்ப்யூட்டர் முன்னால் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்கொண்டு படிக்கும் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க இன்றுதான் கடைசி நாள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் காலையிலேயே நுண்ணுயிரியலை எடுத்துவிட்டாள். "நீயும் அதையே போடுடி. சேர்ந்தே இருக்கலாம்" என்று கெஞ்சுகிறாள். மற்றவளின் பார்வை ஜன்னல் விளிம்பில் ஊரும் எறும்பு வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து பூந்தொட்டியில் படர்ந்த பாசிக்கும், பாசியிலிருந்து வெளியே இறகு கோதும் புறாவுக்கும் தாவுகிறது. "எதை விடச் சொல்ற? எறும்பையா, பாசியையா? எனக்கு எல்லாமே வேணும்டி."

"அப்போ பொது உயிரியலா? ஒண்ணையும் உருப்படியாப் படிக்கலன்னு உங்க அக்கா உயிரை எடுப்பாங்களே!"

"எடுக்கட்டும். அதுவும் உயிரியல்தான்."

நெட்டைக்குச் சிரிப்பு பீறிடுகிறது. சிரித்த உதடு உடனே கோணிக்கொள்கிறது. இனிமேல் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். மவுஸின் மேல் தோழியின் விரல் தயங்கி நிற்கிறது. நெட்டையைப் பிரியவும் அவளுக்கு மனம் வரவில்லை. "பேராசை பிடிச்சவளே, தள்ளு" என்று அதட்டி, அவள் கையை விலக்கிவிட்டு, நெட்டையே பொது உயிரியலை அழுத்துகிறாள். பிறகு மவுஸை விட்டுவிட்டு, விலக்கிய அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.