ஓய்வு நாளில் வந்த மேனேஜர்

ஓய்வு நாளில் மேனேஜர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று விமானிகள் சங்கம் முடிவெடுத்தாலும் எடுத்தது, காவல் வேலை சிங்கப்பூர் கிளமெண்டி அடுக்குமாடியில் குடியிருக்கும் பூவம்மாவின் தலையில் விழுந்தது. “யார் வந்தாலும் நான் இல்லைன்னுடுங்க ஆண்ட்டி” என்று எதிர்வீட்டு விமானி அகிலன் சொல்லிவைத்திருந்தான்.

மேனேஜர் மாணிக்கம் நேரிலேயே வந்து நின்றார்.

“அவரு வீட்டுல இல்ல லா” என்றாள் பூவம்மா.

“அப்படியா? என் பொண்ணு நிரஞ்சனா இவரைத்தான் கட்டிக்குவேன்னு நிக்கிறா. சம்மதம் சொல்லலாம்னு வந்தேன். சரி, வேற மாப்பிள்ளை பார்த்துக்கிறேன்.”

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. “அங்கிள், இருக்கேன்!”

“நல்லது மாப்பிள்ளை. யூனிஃபார்ம மாட்டுங்க. பினாங்கு ஃபிளைட்டுக்கு ஆள் இல்ல.”

அகிலன் தொப்பியோடு லிஃப்டில் ஏறினான். மனுஷன் பெண் கொடுக்க வந்தாரா, ஆள் பிடிக்க வந்தாரா என்று பூவம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை.